ஹார்ட் ஃபெயிலியர்னு சொல்லி டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்களா? இனிமே வீட்ல என்ன பார்க்கணும்

ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரங்க வந்து ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் குடுத்துட்டு, வாசல்ல செருப்பு மாட்டும்போது மெதுவா "இன்னும் எவ்வளவு நாள் தாங்கும்னு சொன்னாங்க?"ன்னு கேப்பாங்க. அந்த கேள்விக்கு எந்த டாக்டராலயும் நாள் குறிச்சு பதில் சொல்ல முடியாது, அதை விட்ருங்க. எங்க அப்பாவுக்கு இது வந்து சில வருஷம் ஆகுது, மாத்திரை டப்பா, எடை, சமையல் எல்லாம் என் பொறுப்பு. நான் டாக்டர் இல்ல, அதனால இங்க எழுதுறத உங்க டாக்டர் சொன்னதோட சேர்த்து வச்சு பாருங்க, அவர் வேற மாதிரி சொன்னா அவர் சொன்னதுதான்.

ஒரு விஷயம் மட்டும் முதல்லயே சொல்லிடுறேன். டாக்டர் மாசத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் பார்ப்பார், மத்த நேரமெல்லாம் இந்த வியாதி நம்ம வீட்லதான் இருக்கு. உடம்புல தண்ணி சேர ஆரம்பிக்கிறத மூச்சு வாங்குறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சு ஃபோன் பண்றதுதான் நம்ம வேலை. அதை ஒழுங்கா பண்ணிட்டா நடுராத்திரி ஆம்புலன்ஸ் கூப்பிடுற நிலைமை பல தடவை வராமலே போயிடும்.

உள்ள என்ன நடக்குதுன்னா, இதயத்தோட பம்ப் பண்ற சக்தி குறைஞ்சிருக்கு. ரத்தம் கம்மியா வருதேன்னு கிட்னி தப்பா புரிஞ்சுகிட்டு உப்பையும் தண்ணியையும் வெளிய விடாம புடிச்சு வச்சுக்குது, அது நுரையீரல்ல சேர்ந்தா மூச்சு வாங்கும், கால்ல சேர்ந்தா வீக்கம், வயித்துல சேர்ந்தா ரெண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு அடைச்ச மாதிரி இருக்கும். எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்ல இ.எஃப்.னு ஒரு நம்பர் இருக்கும், இதயம் ஒவ்வொரு துடிப்புலயும் தன்கிட்ட நிரம்புற ரத்தத்துல எத்தனை சதவீதத்தை வெளிய தள்ளுதுங்கிற கணக்கு அது, அதை பார்த்து "அய்யோ 55 தானா"ன்னு பயப்படுறவங்க உண்டு, நல்லா இருக்குறவங்களுக்கே அது 50ல இருந்து 70க்குள்ளதான் இருக்கும், யாருக்கும் 100 வராது. 40ம் அதுக்கு கீழயும் இருந்தா பம்ப் பலவீனம்னு அர்த்தம். 50க்கு மேல இருந்தும் ஹார்ட் ஃபெயிலியர் வரும், இதயம் விறைப்பாயிடும், பிபி, சுகர், அதிக எடை இருக்குற வயசானவங்களுக்கு இந்த வகை அதிகம். உங்க வீட்டு ஆளுக்கு எந்த வகைன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க, ஏன்னா மாத்திரை அதை வச்சுதான் மாறும். காரணத்தையும் கேட்டு வைங்க: பழைய அட்டாக்கா, பிபியா, வால்வா, குடியா, பிரசவத்துக்கு அப்புறம் வந்ததா. நம்ம பக்கம் இது சின்ன வயசுலயே வருது, 2013ல திருவனந்தபுரத்துல 1205 நோயாளிகளை பதிவு பண்ணி பார்த்தப்போ சராசரி வயசு 61தான், வெளிநாட்டுக்காரங்களை விட பத்து வருஷம் முன்னாடி, அதுல பெரும்பாலானவங்களுக்கு ரத்தக்குழாய் அடைப்புதான் காரணம்.

சரி, எடை. இதுதான் முதல் வேலை. டிஜிட்டல் எடை மெஷின் ஒண்ணு வாங்கிடுங்க, விலை அதிகமானது எல்லாம் வேணாம். காலைல எந்திரிச்சு ஒண்ணுக்கு போயிட்டு வந்து, காபி குடிக்கிறதுக்கு முன்னாடி, அதே மாதிரி லுங்கி பனியனோட, அதே இடத்துல நிக்கணும். பாய் மேலயோ கால்மிதி மேலயோ மெஷினை வச்சா ஒரு கிலோ வரைக்கும் கூட பொய் சொல்லும், டைல்ஸ் தரைல சுவர் ஓரமா வைங்க, தடுமாறினா புடிச்சுக்க சுவர் இருக்கும். நம்பரை மாச காலண்டர்ல அந்த தேதி கட்டத்துக்குள்ளயே எழுதிருங்க, பால் கணக்கு எழுதுற மாதிரி, தனி நோட்டு போட்டா ரெண்டு வாரத்துல அது அலமாரிக்குள்ள போயிடும். டிஸ்சார்ஜ் ஆகும்போது வீக்கம் வடிஞ்சு இருந்த எடை என்னன்னு கேட்டு காலண்டர் மேலயே பெருசா எழுதி வைங்க, அதோடதான் ஒப்பிட்டு பார்க்கணும்.

நேத்து காலைக்கும் இன்னைக்கு காலைக்கும் நடுவுல 1 கிலோவுக்கு மேல ஏறினாலோ, மூணு நாள்ல 2 கிலோ ஏறினாலோ அது சாப்பாட்டு சதை இல்ல, தண்ணி. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, அவ்வளவுதான் கணக்கு. அன்னைக்கே டாக்டருக்கோ கிளினிக்குக்கோ ஃபோன் பண்ணணும், "மூச்சு நல்லாத்தானே இருக்கு, அடுத்த வாரம் போலாம்"னு சொல்லக்கூடாது. சில டாக்டர்ங்க முன்னாடியே சீட்டுல எழுதி குடுப்பாங்க, எடை இவ்வளவு ஏறினா நீர் மாத்திரை இன்னொரு பாதி போடுங்க, ரெண்டு நாள் பாருங்கன்னு. அப்படி குடுக்கலன்னா நீங்களே கேட்டு வாங்குங்க. எங்க வீட்ல பொங்கல் மறுநாளும் கல்யாண வீட்டுக்கு போயிட்டு வந்த மறுநாளும் கட்டாயம் முக்கா கிலோ ஏறும், இப்பல்லாம் அப்பாவே அதை பார்த்து "நேத்து அப்பளம்"னு ஒத்துக்குவார். எடை திடீர்னு இறங்கி, எந்திரிக்கும்போது தலை சுத்துனா அதையும் சொல்லணும், அது தண்ணி ரொம்ப வத்திப்போனதா இருக்கலாம்.

மெஷின் சொல்றதோட உடம்பையும் பாருங்க. சாயங்காலம் கணுக்காலுக்கு மேல எலும்பு ஓரமா கட்டைவிரலால ஒரு பத்து செகண்ட் அழுத்தி எடுங்க, குழி விழுந்து அப்படியே நின்னா வீக்கம். தலைகாணி எத்தனை வைக்கிறாங்கன்னு கவனிங்க, ஒண்ணு வச்சு படுத்தவர் ரெண்டு கேட்டா, இல்ல ராத்திரி எந்திரிச்சு உக்காந்து இருமினா, காத்து வேணும்னு ஜன்னல் பக்கம் போனா அது சளி இல்ல. எத்தனையோ பேர் இதுக்கு மெடிக்கல்ல இருமல் டானிக் வாங்கி குடிச்சிட்டே இருப்பாங்க. அம்மாக்களுக்கு இன்னொரு அறிகுறி, குனிஞ்சு கோலம் போடும்போதோ தரை துடைக்கும்போதோ அரை நிமிஷத்துல மூச்சு அடைக்கும், நிமிர்ந்தா சரியாயிடும், அவங்க சொல்லவே மாட்டாங்க, கோலம் மட்டும் நாளுக்கு நாள் சின்னதாயிட்டே போகும்.

அடுத்தது உப்பு, வீட்ல சண்டையே இதுக்குதான் வரும். உலக சுகாதார நிறுவனம் எல்லாருக்குமே ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு கீழனுதான் சொல்லுது, அதாவது மட்டமா ஒரு டீஸ்பூன், அதுல சோடியம் 2 கிராம். காலைல ஒரு சின்ன டப்பால அந்த ஆளுக்கான உப்பை அளந்து போட்டு வச்சிருங்க (டாக்டர் இன்னும் கம்மியா சொல்லியிருந்தா அந்த அளவு), அன்னைக்கு அவர் சாப்பாட்டுக்கு அதுல இருந்து மட்டும்தான் எடுக்கணும். நம்ம ஊர்ல சாதம் உப்பு போடாம வடிக்கிறது ஒரு பெரிய நல்ல விஷயம், பாதி வேலை அங்கயே முடிஞ்சது. இட்லி மாவை உப்பு போடாம புளிக்க விட்டு, அவருக்கு தனியா எடுத்துட்டு மீதில உப்பு கலந்துக்கலாம், நம்ம வெயிலுக்கு உப்பு இல்லாமலே மாவு பொங்கிடும். சாம்பார்ல புளி பச்சை வாசனை போனதும் உப்பு போடுறதுக்கு முன்னாடி ரெண்டு கரண்டி கிண்ணத்துல எடுத்து வச்சு, அவர் டப்பால இருந்து ஒரு சிட்டிகை, கொஞ்சம் மிளகு, மேல மல்லித்தழை. பொரியலுக்கு எலுமிச்சம்பழம் பிழிஞ்சா உப்பு குறைஞ்சது பாதி தெரியாது. முதல் சில வாரம் தட்டை தள்ளி வைப்பாங்க, அப்புறம் நாக்கு பழகிடும், பழகினதுக்கு அப்புறம் ஹோட்டல் சாம்பார் அவங்களுக்கே கரிக்கும்.

சமையல் உப்பை விட மோசம் பக்கத்துல வச்சு சாப்பிடுறதுதான். ஊறுகாய், அப்பளம், வத்தல், வடாம், மோர் மிளகாய், கருவாடு. கருவாட்டை நாலு தண்ணில அலசிட்டேன்னு சொல்வாங்க, அதெல்லாம் போதாது. தயிர் சாதத்துக்கு ஊறுகாய் இல்லாம எப்படின்னா, இஞ்சியும் பச்சை மிளகாயும் பொடியா நறுக்கி எலுமிச்சை சாறுல ஊற வைங்க, உப்பு வேணாம், உறைப்பும் புளிப்பும் போதும். பிரெட், பிஸ்கட், ரஸ்க், மிக்சர், பாக்கெட் சூப், நூடுல்ஸ் எல்லாத்துலயும் சோடியம் இருக்கு, இனிப்பு பிஸ்கட்லயும் உண்டு. பாக்கெட் பின்னாடி சோடியம் எத்தனை மில்லிகிராம்னு போட்டிருப்பாங்க, அதை 2.5 ஆல பெருக்கினா உப்பு கணக்கு வந்துரும், 400ன்னு இருந்தா அது 1 கிராம் உப்பு. வயிறு உப்புசம்னு ஈனோ கலக்கி குடிக்கிறதும், நுரைச்சு கரையுற மாத்திரைகளும் சோடியம்தான்.

இந்துப்பு நல்லதுன்னு வாட்ஸ்அப்ல வரும், அதுவும் சோடியம் குளோரைடுதான், கலர் மட்டும்தான் வேற. லோ சோடியம் உப்புன்னு கடைல விக்கிறது இன்னும் ஆபத்து, அதுல சோடியத்துக்கு பதிலா பொட்டாசியம் குளோரைடு இருக்கும், ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில் மாதிரி மாத்திரை போடுறவங்களுக்கு பொட்டாசியம் ஏறி இதய துடிப்பே தாறுமாறாகலாம். தினமும் இளநீர் குடிக்கிற பழக்கம் இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, அதே காரணம்தான், கிட்னி கொஞ்சம் வீக்கா இருந்தா இன்னும் கவனம்.

ஆனா உப்பே இல்லாம பண்றேன்னு வீம்பு வேணாம். 2022ல வந்த ஒரு பெரிய ஆய்வுல சோடியத்தை 1.5 கிராமுக்கு கீழ கொண்டு வர சொல்லி குறைக்க வச்சவங்களுக்கு அட்மிஷனோ சாவோ பெருசா குறையல. சாப்பாடு புடிக்காம ரெண்டு வாய்ல எந்திரிச்சு போயி உடம்பு இளைச்சு சதை கரைஞ்சுட்டா அது இதை விட கஷ்டம், அதனால கம்மியா போடுங்க, ருசியாவும் போடுங்க.

தண்ணி விஷயத்துல ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. வீக்கம் அதிகமா இருக்குறவங்களுக்கும் ரத்தத்துல சோடியம் குறைஞ்சவங்களுக்கும் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர், ரெண்டு லிட்டர்னு டாக்டர் அளவு சொல்லுவார். நிலையா இருக்குறவங்களுக்கு கறாரா அளந்து குடிச்சே ஆகணும்னு இல்ல, 2025ல வெளிவந்த ஒரு நெதர்லாந்து ஆய்வுல அளவு வச்சவங்களுக்கும் வைக்காதவங்களுக்கும் பெரிய வித்தியாசம் வரல. உங்களுக்கு அளவு சொல்லியிருந்தா இப்படி பண்ணுங்க: காலைல அந்த அளவு தண்ணிய பாட்டில்கள்ல நிரப்பி வச்சிருங்க. காபி, டீ, மோர், ரசம், கஞ்சி எது உள்ள போனாலும் அதே டம்ளர் அளவு தண்ணிய பாட்டில்ல இருந்து எடுத்து செடிக்கு ஊத்திருங்க, பாட்டில் காலியானா அன்னைக்கு கோட்டா முடிஞ்சது, மனக்கணக்கே வேணாம். நாக்கு வறண்டா ஒரு ஏலக்காய் வாய்ல போட்டுக்கலாம், இல்ல வாய் கொப்புளிச்சு துப்பலாம்.

இப்ப மாத்திரை. இ.எஃப். குறைஞ்ச வகைக்கு நாலு குரூப் மாத்திரை இருக்கு, நாலும் சேர்ந்தாதான் முழு பலன்:

முதல் குரூப் சாக்குபிட்ரில்-வால்சார்ட்டன், இல்லன்னா ராமிப்ரில், எனலாப்ரில் மாதிரி. ராமிப்ரில் குரூப்ல சிலருக்கு வறட்டு இருமல் வரும், சொன்னா மாத்திடுவாங்க. அதுல இருந்து சாக்குபிட்ரிலுக்கு மாறும்போது நடுவுல 36 மணி நேரம் இடைவெளி விடணும், மீந்து போன பழைய அட்டைய தீர்க்கலாம்னு ரெண்டையும் சேர்த்து போட்டா முகம், தொண்டை எல்லாம் வீங்கி உயிருக்கே ஆபத்து.

ரெண்டாவது பீட்டா பிளாக்கர், மெட்டோப்ரோலால், கார்விடிலால், பைசோப்ரோலால். ஆரம்பத்துல அசதியா இருக்கும், அதுக்காக திடீர்னு நிறுத்தக்கூடாது.

மூணாவது ஸ்பைரோனோலாக்டோன் இல்ல எப்லரினோன். ஸ்பைரோனோலாக்டோன் போடுற ஆம்பளைங்கள்ல பத்துல ஒருத்தருக்கு மார்பு வீங்கி வலிக்கும், வெக்கப்பட்டு சொல்லாம மாத்திரையை நிறுத்திடுறாங்க, சொன்னா எப்லரினோனுக்கு மாத்தி குடுப்பாங்க.

நாலாவது டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின். இது சுகர் மாத்திரையா வந்ததுதான், அதனால மெடிக்கல் ஷாப்ல "சாருக்கு சுகரா"ன்னு கேட்டதும் வீட்ல எல்லாரும் டாக்டர் தப்பா எழுதிட்டாருன்னு பயந்துருவாங்க, இல்ல, சுகர் இல்லாதவங்களுக்கும் இதயத்துக்காக குடுக்குறாங்க, இ.எஃப். 50க்கு மேல இருக்குறவங்களுக்கும் பலன் உண்டு. யூரின்ல சர்க்கரை போறதால அந்த இடத்துல அரிப்பு, பூஞ்சை தொற்று வரலாம், ஒவ்வொரு தடவையும் தண்ணி விட்டு கழுவி துடைச்சு ஈரமில்லாம வச்சுக்கிட்டா பெரும்பாலும் வராது.

இது போக நீர் மாத்திரை, லாசிக்ஸ், டைட்டார்னு சொல்றது. இது வீக்கத்தை இறக்கும், ஆனா மேல சொன்ன நாலும்தான் ஆயுளை கூட்டுறது, வீக்கம் வடிஞ்சுருச்சுன்னு அந்த நாலுல கை வைக்காதீங்க. நீர் மாத்திரையை காலைலயே போட்ருங்க, ரெண்டாவது வேளை இருந்தா சாயங்காலம் 4 மணிக்குள்ள, இல்லன்னா ராத்திரி பூரா பாத்ரூம் நடைதான், அதுலதான் வயசானவங்க வழுக்கி விழுறாங்க. பஸ்ல ஊருக்கு போற அன்னைக்கு மாத்திரையை விட்டுடுறது எல்லார் வீட்லயும் நடக்குது, விடாதீங்க, போய் சேர்ந்ததும் போடலாமான்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.

டோஸ் கம்மியா ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவாங்க. நம்ம கேக்க வேண்டிய கேள்வி ரெண்டு: "நாலு குரூப்பும் எனக்கு இருக்கா, இல்லன்னா ஏன்?", "டோஸ் இன்னும் ஏத்தணுமா?" டாக்டர் கோவிச்சுக்க மாட்டார். டோஸ் மாத்தின ஒண்ணு ரெண்டு வாரத்துல ரத்தத்துல கிரியாட்டினின் (கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுறது), பொட்டாசியம் பார்க்கணும், அவங்க மறந்தாலும் நீங்க ஞாபகப்படுத்துங்க. ஹீமோகுளோபின் நல்லா இருந்தும் அசதி போகலன்னா இரும்புச்சத்து டெஸ்ட்டும் கேளுங்க, ஃபெரிட்டின் (உடம்புல சேமிப்புல இருக்குற இரும்பை காட்டுறது) குறைவா இருந்தா நரம்பு வழியா இரும்பு ஏத்தினா நடக்குற தெம்பு கூடுது. பிபி மேல் நம்பர் 95, 100னு வந்தா மெஷினை பார்த்து பதறாதீங்க, தலை சுத்தல் இல்லன்னா இந்த மாத்திரைகளோட அது சகஜம், காலைல படுக்கைல இருந்து சட்டுனு எந்திரிக்காம ஓரமா ஒரு நிமிஷம் உக்காந்துட்டு எந்திரிக்க சொல்லுங்க.

மூட்டு வலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்குற டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எதுவும் வேணாம், ஊசியும் வேணாம், இது உப்பையும் தண்ணியையும் தங்க வைக்கும், கிட்னியையும் கெடுக்கும், நல்லா இருந்தவங்க மூணு நாள் வலி மாத்திரைல திரும்ப அட்மிட் ஆயிருக்காங்க. வலிக்கு பாராசிட்டமால் போதும். சுகருக்கு பயோகிளிட்டசோன் போயிட்டிருந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க, அதுவும் வீக்கத்தை கூட்டும். மூக்கடைப்பு மாத்திரைகளையும் கேக்காம போடாதீங்க. அதிமதுரம் இருமலுக்கு நல்லதுன்னு கசாயம் போட்டு குடுப்பாங்க, அது உப்பை தங்க வச்சு பொட்டாசியத்தை இறக்கும், இவங்களுக்கு ஆகாது. பேர் போடாத லேகியம், பொடி, பஸ்பம் எதுவா இருந்தாலும் அதே பதில்தான். நெஞ்சு வலிக்கு சார்பிட்ரேட் போடுறவங்க வயாக்ரா வகை மாத்திரை பக்கமே போகக்கூடாது, பிபி பாதாளத்துக்கு போயிடும். தாம்பத்தியத்தை பத்தி யாரும் கேக்குறதில்ல, ரெண்டு மாடி படி நிக்காம மூச்சு வாங்காம ஏற முடிஞ்சா பொதுவா பயம் இல்லன்னு சொல்வாங்க.

வாந்தி, பேதி, காய்ச்சல் வந்து சாப்பிட முடியலன்னா அந்த நாளே ஃபோன் பண்ணுங்க. நீர் மாத்திரை, டாபாக்ளிஃப்ளோசின் இன்னும் சிலதை ரெண்டு நாள் நிறுத்த சொல்லலாம், எப்ப திரும்ப ஆரம்பிக்கணும்னும் கேட்டுக்கோங்க, நிறைய பேர் நிறுத்திட்டு ஆரம்பிக்கவே மறந்துடுறாங்க. விரதம், நோன்பு, ஆபரேஷன் எதுவா இருந்தாலும் முன்னாடியே சொல்லிடணும். அக்னி நட்சத்திர வெயில்ல வியர்த்து கொட்டும்போது அதே மாத்திரை டோஸ் அதிகமாயிடலாம், எடை இறங்கிட்டே போனா கேளுங்க. ஃப்ளூ ஊசி வருஷா வருஷம் போட்ருங்க, நிமோனியா ஊசி எப்பன்னு டாக்டர்கிட்ட கேட்டு அதையும் போட்ருங்க, இவங்களுக்கு ஒரு சாதா காய்ச்சலே அட்மிஷன் வரைக்கும் கொண்டு போகும்.

"அசையாம படுங்கப்பா"ன்னு சொல்றது பாசம்தான், ஆனா அது உடம்பை கெடுக்கும். நிலைமை சரியாகி டாக்டர் ஓகே சொன்னதும் வீட்டுக்குள்ளயே அஞ்சு நிமிஷம், அப்புறம் தெரு முனை வரைக்கும், மெல்ல அரை மணி நேரம் வரைக்கும் நடக்கணும். நடக்கும்போது கூட பேச முடியணும், பேச்சு திணறினா வேகத்தை குறைக்கணும். கனமான தண்ணி குடம், கேஸ் சிலிண்டர் தூக்குறது வேணாம். பழனிக்கு போகணும்னு ஆசைப்பட்டா விஞ்சோ ரோப் காரோ இருக்கு, முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார். பீடி, சிகரெட் அடியோட நிறுத்தணும், குடியால வந்த ஹார்ட் ஃபெயிலியர்னா ஒரு சொட்டு கூட கூடாது, அதை நிறுத்தினாலே சிலருக்கு இதயம் நல்லா தேறி வருது. எரிச்சல், அழுகை, தூக்கமில்லாம மோட்டுவளைய பார்த்துட்டு கிடக்குறது எல்லாம் இந்த வியாதில ரொம்ப சகஜம், வாரக்கணக்கா இருந்தா அதுக்கும் வைத்தியம் இருக்கு, டாக்டர்கிட்ட சொல்லுங்க.

காசு விஷயம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் ஆஸ்பத்திரில சேர்ந்து பண்ற சிகிச்சைக்கு வரும், ஆனா மாசாமாசம் வாங்குற மாத்திரைக்கு வராது. அதுக்கு அரசு மருத்துவமனை இதய நோய் ஓ.பி.ல பதிவு பண்ணிட்டா இலவசமா குடுப்பாங்க, ஸ்டாக் இல்லாததை மட்டும் வெளிய வாங்கலாம். டாபாக்ளிஃப்ளோசின், சாக்குபிட்ரில் எல்லாத்துக்கும் இப்ப ஜெனரிக் வந்து விலை நல்லா இறங்கிடுச்சு, மக்கள் மருந்தகத்துலயும், 2025 பிப்ரவரில ஆரம்பிச்ச முதல்வர் மருந்தகத்துலயும் கேட்டு பாருங்க. மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே வாங்கிடுங்க, கடைசி அட்டை முடிஞ்சதுக்கு அப்புறம் ஓடாதீங்க.

உக்காந்திருக்கும்போதே மூச்சு திணறினா, ரோஸ் கலர்ல நுரையா சளி வந்தா, நெஞ்சு வலி, மயக்கம், உளறல், உதடு நீலமாகுறது எது வந்தாலும் ஃபோன்ல ஆலோசனை கேக்க வேணாம், நேரா 108. வண்டி வர்ற வரைக்கும் படுக்க வைக்காம கட்டில் ஓரத்துல கால் தொங்க உக்கார வைங்க, தண்ணி குடுக்காதீங்க. மாத்திரை லிஸ்ட், கடைசி எக்கோ ரிப்போர்ட், அந்த காலண்டர் தாளோட ஃபோட்டோ மூணும் வீட்ல ரெண்டு பேர் ஃபோன்லயாவது இருக்கட்டும்.

இன்னொண்ணு. மாத்திரை ஒழுங்கா போட்டா ஒரு வருஷத்துல இ.எஃப். 30ல இருந்து 45, 50னு ஏறுறது நடக்குற விஷயம்தான், ஏறினதும் வீட்ல ஸ்வீட் குடுத்துட்டு "இனிமே எதுக்கு இத்தனை மாத்திரை"ன்னு ஆரம்பிப்பாங்க. லண்டன்ல இதையே சோதிச்சு பார்த்தாங்க, இதயம் முழுசா தேறினவங்கள்ல 25 பேருக்கு டாக்டர்ங்க மேற்பார்வைல மெல்ல மெல்ல மாத்திரையை நிறுத்தினப்போ, ஆறு மாசத்துக்குள்ள 11 பேருக்கு திரும்ப வந்துருச்சு, மாத்திரையை தொடர்ந்தவங்கள்ல அந்த ஆறு மாசத்துல ஒருத்தருக்கும் வரல. அதனால எக்கோ நல்லா வந்தா ஸ்வீட் தாராளமா குடுங்க, அவருக்கு சின்ன துண்டு, ராத்திரி மாத்திரை வழக்கம்போல.